கொழும்பு என்று எழுதினேன்

என் அலமாரியில் நாட்குறிப்புகள் வருஷ வரிசையில் நிற்கின்றன. நடுவில் ஒரு வருஷம் மட்டும் இல்லை. யாராவது கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லுவேன். கரையான் அரிக்கவில்லை. நானேதான் அடுப்பில் போட்டேன். ஏன் போட்டேன் என்பதை எழுதிவைக்க இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

யுத்த காலத்தில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. இப்போதும் அதுதான் வேலை. கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. சில மைல் தள்ளி ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கப்பலில் ஒருவர் எண்ணி எழுதுவார், கரையில் நான் எண்ணி எழுதுவேன். சாயங்காலம் இரண்டு தாள்களையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்போம். தனியாகப் பார்த்தால் எந்தத் தாளும் யோக்கியமாகத்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். இருபது வருஷம் அப்படிப் பார்த்துப் பழகியவன் என்பதால்தான் பின்னால் எனக்கு அவ்வளவு பயம் வந்தது.

என் தங்கையும் அவள் கணவரும் மகளும் எங்களோடுதான் இருந்தார்கள். நான், என் மனைவி, அவர்கள் மூவர். ஐந்து பேருக்கு ஒரே ரேஷன் கார்டு. தங்கையின் கணவர் ஒரு சரக்குத் தோணிக்குத் தண்டல், அதாவது அதை நடத்துகிறவர். யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் உப்பளங்களை ஒட்டியது அவர் ஊர். கொண்டுபோன மூன்றாம் நாள் அங்கேயே இறந்துபோனார். அங்கேயே எரித்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து எங்கள் தெருக்காரர்கள் பலர் வந்தார்கள். ரேஷன் கடைக்காரரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் கார்டிலிருந்து பெயரை நாங்கள் எடுக்கவில்லை.

இதற்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. அளந்து போட்ட அரிசி வாரத்தில் ஐந்து நாளைக்குத்தான் வந்தது. எங்கள் தெருவில் அப்போது வீட்டில் இருந்தவர்களைவிடக் கார்டில் இருந்தவர்கள் அதிகம். தெரு முழுவதும் ஒப்பாரி கேட்ட சாவு, தாளில் மட்டும் நடக்காமல் இருந்தது. தங்கை ஒரே ஒரு தடவை, "அவுக பங்கு எனக்கு எறங்காதுண்ணே" என்றாள். பிறகு மகளின் தட்டைப் பார்த்தாள்.

ரேஷன் கடைக்காரருக்கு நாக்கு சும்மா இருக்காது. வரிசையில் என் முறை வந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி விசாரிப்பார்.

"வாங்கண்ணாச்சி. மச்சான் சௌக்கியமா இருக்காவளா?"

"இருக்காவ."

"தோணிக்குப் போயிட்டாவளாக்கும்?"

"ஆமா."

"இந்த மாசம் காத்து சரியில்ல. பாத்துப் போகச் சொல்லுங்க."

பின்னால் யாராவது சிரிப்பார்கள். சிரித்தவர் கார்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். நான் பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். எங்கள் ஆபீசில் என்னோடு மூட்டை எண்ணிய ஒருவரை இதே காரியத்துக்காக வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். பிறகு போலீஸ் வந்து கூட்டிப்போனது. அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போகவேண்டும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்கோடியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஏளா, கார்டு பாக்க ஆளு வாரான்!"

தெரு முழுக்கக் கதவுகள் சாத்தும் சத்தம். எங்கள் வீட்டில் தங்கை வெள்ளைச் சேலையோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்திலும் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. வருகிறவன் அவளைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "வேற சேலை கட்டு" என்றேன்.

என் மனைவி தன் சிவப்புச் சேலையைக் கொடுத்தாள். மஞ்சள் கயிறு ஒன்றும் எடுத்து வந்தாள். குங்குமத்தை மட்டும் அவள் தொடவில்லை. "நான் வைக்க மாட்டேன். பாவம்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தங்கை மகள்தான் வைத்தாள். பதினைந்து வயது அவளுக்கு. குங்குமம் மூக்கில் சிந்தியது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டாள். அந்த நாலைந்து மாதத்தில் தங்கையின் கை மெலிந்திருந்ததால் அவை சரியாக இருந்தன.

வந்த ரேஷன் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கார்டை வாங்கி ஒவ்வொரு பெயராக வாசித்தார். நாங்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினோம்.

"இவரு?"

"தோணிக்குப் போயிருக்காவ" என்றாள் தங்கை.

"எப்ப வருவாரு?"

"காத்தப் பொறுத்து."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதிக நேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். தங்கை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார், எழுதினார், போய்விட்டார்.

அவள் கதவுக்குப் பின்னால் போனாள். தாலியை முதல் தடவை இறக்கியபோது சுற்றிலும் பெண்கள் நின்று அழுதார்கள். இரண்டாம் தடவை அவளே கழற்றினாள். அழுத சத்தம் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் நாட்குறிப்பை எரித்தேன். வீட்டைச் சோதனை போட்டால் அதில் மச்சானின் சாவு என் கையெழுத்தில் நாள், மணியோடு இருக்குமே என்ற பயம். ஒரு தாளை மட்டும் கிழித்தால் கிழித்த அடையாளம் தெரியும். ஆகவே முழு வருஷமும் போயிற்று.

மாசியில் கார்டுகளைப் புதுப்பிக்க மனு எழுதவேண்டி வந்தது. இனி ஒரு வாரம்கூட அந்தப் பெயர் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் இறந்துபோனார் என்று எழுதினால் எப்போது என்று கேட்பார்கள். எங்கள் கடற்கரையில் ஓர் ஆள் வீட்டில் இல்லை என்றால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. 'குடும்பத்தை விட்டுப் போனவர்' என்ற இடத்தில் மச்சானின் பெயரை எழுதி, எதிரே 'கொழும்பு' என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்னுடையது. கீழே கையொப்பம் இட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஓரளவு தூங்கினேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் வைகாசியில் நாசரேத் பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தங்கை மகள் எட்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தோம். தகப்பனில்லாத பெண்களுக்கு விடுதியில் சோறும் படிப்பும் இலவசம். இடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தாள்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று தகப்பனின் மரணப் பதிவு நகல். மற்றொன்று, பெண்ணின் பங்கு அரிசியை விடுதிக்கு மாற்றித் தூத்துக்குடி ரேஷன் ஆபீஸ் கொடுக்கும் சீட்டு. பதினைந்து நாளுக்குள் இரண்டும் வராவிட்டால் இடம் வேறொரு பெண்ணுக்குப் போகும்.

தங்கை மகள் கடிதத்தை நாலு தடவை வாசித்துக் காட்டினாள். அன்றிரவு அவள் சந்தோஷத்தில் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை, காரணம் வேறு. ரேஷன் ஆபீசில் இந்தக் கடிதத்தைக் காட்டாமல் சீட்டு வாங்க முடியாது. தகப்பனில்லாத பெண் என்று கடிதத்தில் இருக்கிறது. தகப்பன் கொழும்பில் என்று அவர்கள் காகிதக் கட்டில் இருக்கிறது. எப்போது செத்தார் என்று நகலைக் கேட்பார்கள். இரண்டு தாள்களும் ஒரே மேஜைக்கு வரப்போகின்றன.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். வேலை அதிகம் என்று சொன்னேன். எட்டாம் நாள் காலையில் தங்கை கையில் துணிப்பையோடு வாசலில் நின்றாள். "நீ வரலன்னா நானே போயிட்டு வாரேன்" என்றாள்.

மச்சானின் ஊருக்கு, பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் போனோம். நடுவழியில் இரண்டு இடத்தில் நின்று கரி போட்டார்கள். ஜன்னல் வழியே உப்பளங்களின் வெள்ளையில் கண் கூசியது. நகல் கிடைக்கக்கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அந்தப் பெண்ணைப் பெற்றவள் உட்கார்ந்திருந்தாள்.

ஊர்ச் சாவுகளை எழுதி வைப்பது கிராம முன்சீப். அவருக்கு அன்று பல்வலி. துண்டைத் தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிந்திருந்தார். வாயை முழுக்கத் திறக்காமல் பேசினார்.

"தேதி சொல்லும்."

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புரட்டாசி."

"தேதிவே, தேதி."

இருபது வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியவன், இது ஒன்றுக்குத் தேதி தெரியாமல் நின்றேன். அவர் சலித்துக்கொண்டு புரட்டாசி முழுவதும் விரலை ஓட்டினார். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் ஓட்டினார்.

"இல்ல. எழுதாத சாவுக்கு நான் நகல் குடுக்க முடியாது."

எனக்கு மூச்சு வந்தது. இல்லை என்றால் இல்லைதான், நான் என்ன செய்யமுடியும் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். எழுந்துவிட்டேன். அப்போது வாசலில் நின்ற தங்கை அங்கிருந்தே சொன்னாள்.

"புரட்டாசி இல்லண்ணே. ஆவணி. அமாவாசை கழிஞ்சு ஏழாம் நாளு, வெள்ளிக்கிழமை. உப்பளத்துல மத்தியானச் சங்கு ஊதும்போது."

அவளுக்கு எழுத்து தெரியாது. திதியை மனதில் வைத்திருப்பவளுக்கு எழுத்து எதற்கு?

முன்சீப் ஆணியில் தொங்கிய பழைய பஞ்சாங்கங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. மச்சானின் பெயர், வயது, தூத்துக்குடி வாசி, காய்ச்சல். பிறகு கடைசிக் கட்டம். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

மச்சான் இறந்த அன்றைக்கு யாரோ எதையோ நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். என்ன ஏது என்று பார்க்கவில்லை. வாழ்க்கையில் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து அது.

"ஒம்ம கையெழுத்துதானே? ஒமக்கே ஞாபகம் இல்லையா?" என்று முன்சீப் சிரிக்கப் போய், வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டார். நகலை எழுதிக் கொடுத்தார். அதில் தாலுகா கச்சேரியின் முத்திரை வாங்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. நான்கு நாள் மிச்சமிருந்தது.

ரேஷன் ஆபீசில் தாய் கைநாட்டு வைக்கவேண்டும் என்பதால் தங்கையும் வரவேண்டியிருந்தது. புறப்படும்போது அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

"இன்னைக்கு எந்தச் சேலை கட்டணும்? நீயே சொல்லிரு."

நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். வெள்ளைச் சேலையில் வந்தாள்.

ஆபீசில் ஒரு குமாஸ்தா. வெற்றிலை போட்ட வாய், நல்ல சுபாவம் போலத்தான் தெரிந்தார். நாசரேத் கடிதத்தை வாசித்தார். எங்கள் கார்டு எண்ணைப் பார்த்துக் காகிதக் கட்டை எடுத்து அவிழ்த்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"கொழும்புன்னுல்லா இருக்கு? எப்பத் தவறிப்போனாவ?"

நகலை நீட்டினேன். அவர் அதை என் மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தினமும் சாயங்காலம் வைப்பேனே, அதே மாதிரி. இரண்டிலும் என் பெயர். அவர் கண் இந்தத் தாளுக்கும் அந்தத் தாளுக்குமாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"செத்தது ஆவணி. கொழும்புக்குப் போனது அதுக்கப்புறம் மாசி." குமாஸ்தா உரக்கச் சிரித்தார். "செத்தவரு எப்படிவே கொழும்புக்குப் போனாரு? நீந்தியா?"

பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிச் சிரித்தார்கள். அவர் அடுத்த அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சார், இங்கன ஒரு வேடிக்கை. வந்து பாருங்க."

வந்தவர் அதே இன்ஸ்பெக்டர்.

வேலை போனது, போலீஸ் வந்தது, தெருவில் நடத்திக்கொண்டு போனார்கள், கடைக்காரர் பார்க்கிறார். எல்லாமே அந்த நொடியில் என் கண்முன் நடந்து முடிந்துவிட்டது. அப்போது தங்கை ஓரடி முன்னால் வந்தாள்.

"அவுக இருக்காவன்னு சொன்னது நாந்தான் ஐயா. எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னதத்தான் எழுதுனாவ. என்ன செய்யணுமோ என்னச் செய்யுங்க. பிள்ளைக்கு மட்டும் சீட்டக் குடுத்துருங்க."

அது பொய். எழுதியவன் நான், எழுதச் சொன்னவன் நான், சேலை மாற்றச் சொன்னவனும் நான். இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். நான் வாய் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார். வெறும் நெற்றியைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. குமாஸ்தாவின் கையிலிருந்து கட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். தை மாதத்துத் தாள் ஒன்றில் நின்றார். மேஜைக்கு இந்தப்புறம் தலைகீழாகத் தெரிந்தாலும் நான் வாசித்துவிட்டேன். ஐந்து பெயர்கள். ஐந்துக்கும் நேராக அவர் எழுதியிருந்தது: 'நேரில் கண்டேன்'. கீழே அவருடைய கையெழுத்து.

செத்து நாலைந்து மாதம் ஆன ஒருவரை நேரில் கண்டதாக அவர் எழுதியிருந்தார். ஒரு நாளில் பல தெருக்களைப் பார்த்து முடிக்கவேண்டியவர். தோணிக்காரர் திரும்பி வரும்வரை காத்திருக்க அவருக்கு நேரம் ஏது? எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் எழுதியிருப்பார். அந்தத் தாளைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் லேசாக ஆடியது. பயந்தவன் கை எப்படி ஆடும் என்று அந்த நாட்களில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அவர் கட்டை மூடினார்.

"சொந்த ஊருக்குப் போனதக் கொழும்புன்னு எழுதிட்டாரு. இதுக்கு என்னவே சிரிப்பு? சீட்டப் போட்டு அனுப்பும்."

"தேதி இடிக்குதே சார்."

"தேதிய நான் பாத்துக்கிடுதேன். ஒம்ம ஜோலியப் பாரும்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "கைநாட்டு வைம்மா" என்றார்.

அவள் வைத்தாள். குமாஸ்தா சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். நகலைத் திருப்பித் தந்தார். அதற்கு முன்னால் அதில் இருந்த தேதியையும் தகவல் சொன்னவர் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து என் மனுவோடு சேர்த்துக் குத்தினார். விதி அப்படியாம். கட்டைச் சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டி மேல் தட்டில் போட்டார். வெளியே வரும்வரை நான் அந்தத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கை நாலடி முன்னால் போனாள். பாதித் தூரத்தில் அவள், "பிள்ளைக்குப் பெட்டி ஒண்ணு வாங்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

தங்கை மகள் நாசரேத்துக்குப் போனாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் கட்டு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் கையிலுள்ளதைக் கீழே வைத்துவிடுவேன். ரேஷனை எடுத்தார்கள், மறுபடி கொண்டுவந்தார்கள். புது மனு எழுத உட்கார்ந்தபோது, உயிரோடிருக்கும் நாலு பேரின் பெயரை எழுதவே எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. இன்ஸ்பெக்டரை ஒரே ஒரு தடவை கடைத்தெருவில் எதிரே பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவர் சைக்கிளிலிருந்து இறங்கி ஒரு கடைக்குள் போய்விட்டார். அது வளையல் கடை. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இருந்திருக்காது.

இதை எழுதி முடித்ததும் தங்கையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சாமான் விளக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலே நின்று கேட்டாள். மஞ்சள் கயிறு வரும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் கேட்டாள்.

"நீ வாய் தொறக்கலன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "சரி. பூட்டி வையி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பூட்டி வைத்தேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.